தவணை தவறினால் திண்ணையில் உட்கார்ந்து மிரட்டலாமா?

மகளிர் குழுக் கடன் வாங்கிய வீட்டில் மிரட்டல் எப்படி நடக்கும் என்பதை என் சித்தி வீட்டில் கண்ணால் பார்த்தேன். யாரும் கையை ஓங்கவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. கடன் கொடுத்த நிறுவனத்தின் வசூல்காரர்கள் இரண்டு பேர் பைக்கை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்கள். "பணம் வராமல் எழுந்திருக்க மாட்டோம் அக்கா" என்றார் ஒருவர், தெருவுக்கே கேட்கும்படி. மற்றவர் குழுப் பெண்களுக்கு வரிசையாகப் போன் போட்டு, "இவர் கட்டாவிட்டால் உங்களுக்கும் அடுத்த கடன் கிடையாது" என்றார். சற்று நேரத்தில் அந்தப் பெண்களே வாசலில் வந்து நின்றார்கள். சித்தியோடு சேர்ந்து நாற்று நடுகிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல், "எதையாவது வைத்துக் கட்டிவிடு" என்றார்கள். சித்தி உள்ளே போய்க் காதுத் தோட்டைக் கழற்றத் தொடங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சொத்து எதையும் பிணையாகக் கேட்காத கடன் இது. அதற்குப் பதிலாக அக்கம்பக்கத்து உறவையே பிணையாக்கிவிடுகிறார்கள்.

"ஆதாரை முடக்கிவிடுவோம், ரேஷன்கூட வராது" என்றும் சொன்னார்கள். பச்சைப் பொய். தவணை தவறியது கடன் பதிவில் ஏறும், அடுத்த கடன் கிடைப்பது கடினமாகும், அது உண்மை. ஆதாரிலோ ரேஷன் கார்டிலோ கைவைக்க எந்தக் கடன் நிறுவனத்துக்கும் அதிகாரம் இல்லை.

சித்தியிடம் கடன் அட்டையை வாங்கிப் பார்த்தேன். குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் எண்ணும் அதில் அச்சாகியிருந்தன. வந்தவர்களிடம் அடையாள அட்டை கேட்டேன். பெயர்களை அவர்கள் கண்முன்னே எழுதிக்கொண்டேன். இப்படிப் பிணையில்லாமல் தரும் குறு நிதிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதிகளையும் சொன்னேன்: காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கடன் வாங்கியவரைப் போனில் அழைக்கக் கூடாது, உறவினரையோ நண்பரையோ தொந்தரவு செய்யக் கூடாது, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய் சொல்லக் கூடாது. வசூல் நடக்க வேண்டியது இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில். அங்கே தொடர்ந்து இருமுறையாவது வராதவரின் வீட்டுக்குத்தான் போகலாம். சித்தி தவறவிட்டதோ ஒரே ஒரு தவணை.

குரல் தணிந்தது. "சென்டருக்கு வந்து பேசுங்கள்" என்று, குழு கூடித் தவணை கட்டும் இடத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் எழுத்தில் புகார் கொடுத்தோம். தவணைக்கு அவகாசம் கிடைத்தது. தோடு சித்தியின் காதிலேயே இருக்கிறது. நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. உடலுக்கோ பெயருக்கோ உடைமைக்கோ கேடு விளைவிப்பதாக மிரட்டினால் அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 351-ஆம் பிரிவில் குற்றம். காவல் நிலையத்துக்கே போகலாம்.

வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். சித்தியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அன்று வாசலில் நின்றவர்களில் ஒருவர் இன்றும் அவரோடு பேசுவதில்லை. குழுவில் இருக்கும் சகோதரிகளே, அப்படி ஒரு போன் வந்தால் தயவுசெய்து இன்னொருத்தி வாசலுக்குப் போகாதீர்கள். அழைத்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வைத்து அவளிடம் கொடுங்கள். அவள் எழுதும் புகாருக்கு அது சாட்சியாகும்.