பக்கிக்கு (பிக்கப் வண்டிக்கு) 4.10 டிஃப் (சக்கர அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் கியரின் விகிதம்) போதுமா, 4.56 போடலாமா?

அண்ணன்மார்களே, நான் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த். கல்யாணப் பந்தல், அண்டா, நாற்காலி எல்லாம் டிரெய்லரில் ஏற்றி என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) வரை போகிறேன். கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் ஏற்றம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், உயரம் கூடக்கூட மூச்சு வாங்குகிறது. வான் ரீனன் கணவாயில் மூன்றாவது கியரைத் தாண்ட முடியவில்லை, பின்னால் லாரிக்காரர் ஹார்ன் வேறு.

இப்போது இருப்பது 3.73. 4.10 போட்டால் இழுவை 10 சதவீதம் கூடும், ஆர்பிஎம்மும் (எஞ்சின் சுழலும் வேகம்) அதே அளவு ஏறும், சரி. ஆனால் டயரை 29 அங்குலத்திலிருந்து 31 ஆக்கியதில் இழுவையில் சுமார் 6.5 சதவீதம் ஏற்கெனவே போச்சு! அப்போது 4.56தானா? சும்மா ஓட்டும்போது பெட்ரோல் ரொம்பக் குடிக்குமா?

ஃபோர் பை ஃபோர் என்பதால் முன், பின் இரண்டு டிஃப்பும் ஒரே விகிதத்தில் மாற வேண்டும், செலவு இரட்டிப்பு. மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். டர்பனில் டிஃப்பின் உள்ளே இருக்கும் கிரவுன் வீல், பினியன் பல்சக்கரங்களைப் பக்குவமாகப் பொருத்தும் மெக்கானிக் தெரிந்தாலும் சொல்லுங்கள்.