ஆடு மேயாத உயிர்வேலி எது?

கேள்வி (காட்பாடி):
வீட்டின் மேற்கே 40 அடிக்கு உயிர்வேலி வைக்க ஆசை. நட்ட செம்பருத்தியைத் தெரு ஆடுகள் இரண்டே நாளில் மொட்டையடித்துவிட்டன. குச்சிகளில் பல் பட்ட வெள்ளைத் தழும்புதான் மிச்சம். அரளி வைக்கலாமா? மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள்.

பதில் (குடியாத்தம்):
அரளி வேண்டவே வேண்டாம் அம்மா. இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. ஆடாதொடை வையுங்கள். கசப்புக்கு ஆடு வாய் வைக்காது. பெயரே அதைத்தான் சொல்கிறது. கணுவுள்ள குச்சியை ஐப்பசி மழையில் ஒரு சாண் ஆழம் ஊன்றினால் போதும். எங்கள் கொல்லையில் அடிக்கு ஒன்று நட்டோம். முதல் சித்திரை வெயிலுக்கு மட்டும் வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றினோம். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளாவிட்டால் மேலே தழைத்து அடியில் சந்து விழும். ஆடு அந்த வழியாகத்தான் நுழையும்.

பதில் (அணைக்கட்டு):
நிலத்துக்கு என்றால் கிளுவைதான். கிளையை வெட்டிப் போத்தாக நட்டாலே பிழைத்துக்கொள்ளும். ஆனால் முள் உண்டு, குழந்தை ஓடியாடும் பக்கம் ஆகாது.

கேட்டவர்:
அப்படியானால் ஆடாதொடையே. வாசல் ஓரம் மட்டும் இரண்டு மருதாணி வைக்கிறேன், பேத்தியின் கைக்கு.