வீட்டு ஷேவிங் சோப்: நுரை ஏன் நிற்பதில்லை, எப்படி நிற்க வைப்பது?

வீட்டில் குளியல் சோப் காய்ச்சுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதே சோப்பைப் பிரஷ்ஷில் தேய்த்து முகத்தில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: நுரை பொங்கிக்கொண்டு வரும், ஒரு கன்னத்தை மழித்து முடிப்பதற்குள் மறு கன்னத்தில் ஒன்றும் மிச்சமிருக்காது. தேங்காய் எண்ணெய் சோப்பின் குணம் அது. அந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அது பெரிய குமிழிகளைச் சட்டென்று எழுப்பும், அவை அதே வேகத்தில் உடைந்தும் போகும். சவரத்துக்கு வேண்டியது குமிழி தனியாகக் கண்ணுக்குத் தெரியாத, நுண்ணிய, கனமான நுரை. அதைக் கொடுப்பது ஸ்டியரிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலம்.

பழைய காலத்து ஷேவிங் சோப்புகளில் மாட்டுக் கொழுப்பு இருந்ததற்கும் இதுதான் காரணம். அதில் ஸ்டியரிக்கும், அதைப் போன்ற பால்மிடிக் அமிலமும் தாராளம். அது வேண்டாம் என்கிறவர்களுக்குக் கோகம் வெண்ணெய், அதாவது கோகம் பழ விதையின் கொழுப்பு, இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் ஸ்டியரிக்தான். ஆனாலும் கொழுப்பை மட்டும் நம்பினால் போதாது, ஸ்டியரிக் அமிலத்தைத் தனியாகவே வாங்கிச் சேர்க்க வேண்டும். அழகுசாதன மூலப்பொருள் விற்கும் கடைகளில் வெள்ளைச் செதில்களாகக் கிடைக்கும். மெழுகுவர்த்திக்கென்று விற்பதை வாங்காதீர்கள், அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

நான் நிலையாகப் பின்பற்றும் அளவு இது. ஸ்டியரிக் 100 கிராம், கோகம் வெண்ணெய் 40, தேங்காய் எண்ணெய் 40, விளக்கெண்ணெய் 20. காரத்தில் இரண்டு வகையும் வேண்டும்: காஸ்டிக் பொட்டாஷ் என்கிற பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 26 கிராம் (90 சதவீதத் தூய்மை உள்ளது), காஸ்டிக் சோடா என்கிற சோடியம் ஹைட்ராக்சைடு 11 கிராம். தண்ணீர் 100 கிராம். கடைசியில் கிளிசரின் 20 கிராம். இந்தக் கணக்கில் 5 சதவீதக் கொழுப்பு சோப்பாக மாறாமல் மிச்சம் நிற்கும். உங்கள் பொட்டாஷின் தூய்மை 85 ஆகவும் இருக்கலாம், அதனால் டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து, கார அளவைக் கணக்கிடும் கருவியில் ஒருமுறை போட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

பொட்டாஷ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சோடாவை மட்டும் போட்டால், ஸ்டியரிக்கிலிருந்து உண்டாகும் சோடியம் ஸ்டியரேட் என்ற சோப் மிகவும் இறுகிவிடும், பச்சைத் தண்ணீரில் எளிதில் கரையாது, பிரஷ்ஷை எவ்வளவு சுற்றினாலும் சோப் ஏறாது. பொட்டாசியம் உப்பு நன்றாகக் கரையும். அதை மட்டும் போட்டாலோ பசையாகத் தங்கிவிடும். இரண்டையும் கலப்பதால்தான் கட்டியாகவும் நிற்கிறது, பிரஷ்ஷிலும் ஏறுகிறது. கிளிசரினைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய் சோப்பாகும்போது கிளிசரின் தானாகவே பிரியும். நாம் பாதிக்குப் பாதி தனி அமிலத்தைப் போடுகிறோம், அதிலிருந்து கிளிசரின் வராது. அதனால் கையால் சேர்க்காவிட்டால் நுரை முகத்தில் சீக்கிரம் காயும்.

செய்முறையில் பயப்படுத்தும் கட்டம் ஒன்றுதான். எவர்சில்வர் பாத்திரத்தைக் கொதிநீரில் வைத்துக் கொழுப்பையெல்லாம் உருக்கி, 80 டிகிரி அளவில் வைத்திருங்கள். அலுமினியம் கூடவே கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். காரத்தைத் தண்ணீரில்தான் போட வேண்டும், தண்ணீரைக் காரத்தில் ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். கரைசலை உருகிய கொழுப்பில் மெல்ல விட்டவுடன், குளியல் சோப் மாதிரி நிதானமாகக் கெட்டியாகாது. ஸ்டியரிக் தனி அமிலம் என்பதால் காரம் பட்ட இடத்திலேயே சோப்பாகிவிடும். கரண்டி போன வழியெல்லாம் வெள்ளைக் கட்டிகள், அடுத்த நிமிடம் மொத்தமும் கேழ்வரகுக் களி. கெட்டுவிட்டது என்று பலர் இந்த இடத்தில்தான் கீழே கொட்டுகிறார்கள். கொட்டாதீர்கள். அமுக்கி அமுக்கிக் கிளறி, மூடி போட்டுச் சூட்டிலேயே வையுங்கள். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பளபளப்பு ஏறும், கட்டிகள் இளகும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் கண்ணாடித்தன்மை வந்துவிடும். நடுவில் பொங்கி எழும்பும் என்பதால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். ஒரு துளியை ஆறவைத்து ஈரப்படுத்தி நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள்; சுரீரென்றால் இன்னும் வேக வேண்டும். வெந்த பிறகு கிளிசரினைக் கலந்து, கிண்ணத்தில் அழுத்தி வையுங்கள்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முக்கியமாக எந்தத் தண்ணீரில் நுரைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

*

அண்ணனுக்கு வணக்கம். மதுரையில் சலூன் வைத்திருக்கிறேன். கையால் செய்த சோப்பைத்தான் இப்போது கடையில் பயன்படுத்துகிறேன்.

தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். நுரை அழகாக இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பதில்லை. தாடி முடி தண்ணீரைக் குடித்தால்தான் மென்மையாகும், அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது ஈரம் அதன்மேல் நிற்க வேண்டும். அந்த ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் நுரையின் வேலை. எங்கள் கடையில் ஃபேன் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். நுரை போட்டுவிட்டுக் கத்தியில் பிளேடு மாற்றித் திரும்பும்போது நுரையின் மேல்பரப்பு காய்ந்து வெடித்திருந்தால் அந்த சோப் எனக்கு ஆகாது. ஸ்டியரிக் அதிகமாக உள்ள இந்தச் சோப்பில் நுரை அப்படியே நிற்கிறது. வெறும் தேங்காய் எண்ணெய் சோப்பில் மீசைக்கு மேலே முதலில் காயும், பிறகு தாடைக்குக் கீழே வடியும்.

அப்புறம், நுரை வரவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் குறை சோப்பில் இல்லை, பிரஷ் பிடிப்பதில்தான். பிரஷ்ஷை நனைத்து உதறிவிட்டு, சோப்மேல் அரை நிமிடம் நன்றாகச் சுற்றுங்கள். முதலில் பசை மாதிரி வரும். அந்தப் பசையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். ஆரம்பத்திலேயே தண்ணீர் அள்ளிவிட்டால் எந்தச் சோப்பும் நிற்காது. பளபளப்பு வந்து, பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கிற பதம்தான் சரியான பதம். முடித்ததும் எப்போதும் போலப் படிகாரம் தேய்த்துக் கழுவிவிடுகிறேன்.

*

நான் யாழ்ப்பாணம். தண்ணீர் எது என்று கேட்டபடியால் எழுதுகிறேன்.

எங்கள் நிலம் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீரில் கால்சியம் நிறைய. நீங்கள் சொன்ன மாதிரியே ஸ்டியரிக் போட்ட சவர்க்காரத்தை இரண்டு கிண்ணத்தில் எடுத்து, ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மழைத் தண்ணீரில் வடிவாக நுரைத்துக் கிண்ணம் நிறைந்தது. கிணற்றுத் தண்ணீரில் சாம்பல் வெள்ளையாக ஒரு ஏடுதான் மிதந்தது, பிரஷ் மயிரிலும் அது ஒட்டிக்கொண்டது. கால்சியம் ஸ்டியரேட் தண்ணீரில் கரையாது. அதுவே அந்த ஏடு. எவ்வளவு சவர்க்காரம் சேர்த்தாலும் முதலில் கால்சியத்துக்கே அது செலவாகும், மிஞ்சியதுதான் நுரைக்கும்.

காய்ச்சும்போது சோடியம் சிட்ரேட் 4 கிராம் சேர்த்தால் கொஞ்சம் உதவும், கால்சியத்தை ஓரளவு பிடித்துவைக்கும். ஆனால் எங்களைப் போன்ற கடினத் தண்ணீருக்கு அது மட்டும் காணாது. ஒரு சவரத்துக்கு வேண்டியது சின்னக் கிண்ணம் தண்ணீர்தானே, மழைத் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ அதற்கென்று ஒரு போத்தலில் எடுத்து வையுங்கள். முகம் கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் போதும்.

*

கோவையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் நான்தான் சோப் காய்ச்சுவேன், கணவருக்குச் சவரத்துக்கும் எனக்குக் கால் முடி மழிக்கவும் ஒரே சோப்தான்.

தோலுக்கு நல்லது என்று நல்லெண்ணெய், கடலை எண்ணெய், பாதாம் எண்ணெய் என்று ஆளாளுக்குச் சேர்க்கச் சொல்கிறார்கள். ஷேவிங் சோப்பில் இது வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். சோப்பாகாமல் மிதக்கும் எண்ணெய் நுரையை உடைக்கும். 5 சதவீத மிச்சத்தை 8, 10 என்று ஏற்றினால் கையில் வழவழப்பு கூடும், நுரை ஒரு நிமிடம்கூட நிற்காது. நல்லெண்ணெய் கொஞ்ச நாளில் சிக்கு வாடையும் அடிக்கும். முகம் காய்கிறது என்றால் தேங்காய் எண்ணெயைக் குறைத்துக் கோகத்தைக் கூட்டுங்கள், அதுதான் சரியான வழி.

வாசனைக்கு வெட்டிவேர் எண்ணெய் ஒரு சதவீதத்துக்குள் போடுகிறேன். மழித்த தோலில் எதுவும் சுலபமாக எரியும் என்பதால் அதற்கு மேல் போவதில்லை. ஒரு கேள்வி அண்ணா: செய்த மறுநாளே பயன்படுத்தலாமா? தெரிந்தவர்கள் விலைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

*

மதுரைத் தம்பி ஃபேன் பற்றிச் சொன்னதை இனி நானும் சோதனையாக வைத்துக்கொள்ளப் போகிறேன். யாழ்ப்பாணத்து நண்பருக்கு நன்றி, இங்கே எங்கள் போர் தண்ணீரும் அதே ரகம்தான். நான் நுரைப்பது ஆர்ஓ தண்ணீரில்.

கோவைத் தங்கைக்கு: வேகவைத்துச் செய்வதால் காரம் அன்றைக்கே முடிந்துவிடும், நாக்குச் சோதனையில் தேறினால் மறுநாளே பயன்படுத்தலாம். ஆனால் இரண்டு வாரம் திறந்த கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள், அதிகப்படி ஈரம் போய், பிரஷ்ஷில் ஏறும் சோப் அடர்த்தியாக இருக்கும். விற்பது வேறு சங்கதி. 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும். அதை வாங்கும் வரை சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுங்கள், கூடவே என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிக் கொடுங்கள். யாருக்காவது எரிச்சல் வந்தால் எதனால் என்று தேட அது உதவும்.