கார் வாட்டர் வாஷ் வேலையில இருந்து டீட்டெய்லிங்குக்கு (பெயிண்ட் கோடு எடுத்து, உள்ளயும் வெளியயும் நுணுக்கமா சுத்தம் பண்ற வேலை) வரணும், எங்க இருந்து ஆரம்பிக்கலாம்?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 26, ஊரு மதுரை. டிப்ளமோ ஆட்டோமொபைல் முடிச்சதுல இருந்து ஒரு வாட்டர் வாஷ் கடையில தான் வேலை பாக்குறேன். ஃபோம் அடிக்கிறது, வாக்குவம் போடுறது, டேஷ்போர்டு பாலிஷ் எல்லாம் கை பழகிடுச்சு. ஆனா வர்ற கூட்டத்துக்கு ஒரே துணிய வச்சே எல்லா வண்டியையும் தொடைச்சு அனுப்புறோம், அடியில டீசல் அடிச்சு விடுறோம், கஸ்டமர் பளபளன்னு இருக்குன்னு சந்தோஷமா போறாரு, எனக்கு தான் மனசு ஒப்பல. ஒரு வண்டிய எடுத்தா நிதானமா, சரியா முடிச்சு குடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

மாமாவோட ஷெட்டு ஒண்ணு சும்மா கெடக்கு, ரெண்டு கார் நிக்கும், வாடகை எதுவும் வேணாம்னுட்டாரு. கையில 1.5 லட்சம் சேத்து வச்சிருக்கேன். பெங்களூர்ல ஒரு இடத்துல 5 நாள் கோர்ஸ் இருக்கு, ஃபீஸ் 45,000, முடிச்சா செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல போடுற பாதுகாப்பு பூச்சு) சர்டிஃபிகேட்டும் ஒரு கிட்டும் தருவாங்களாம். ஃப்ரெண்டு என்னடான்னா யூடியூப் பாத்தே கத்துக்கலாம், அந்த காசுக்கு பாலிஷ் மெஷின் வாங்குன்றான். அம்மா இருக்கிற வேலைய விட்ராதன்றாங்க. இந்த தொழில்ல இருக்கிற அண்ணன்மாருங்க யாராச்சும் வழி சொல்லுங்க, அவசரம் இல்ல, ரெண்டு மூணு வருஷம் ஆனாலும் பரவால்ல, கத்துக்கிட்டு தான் இறங்கணும்.

நொய்யல்:
தம்பி, அவசரம் இல்லன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்காகவே உக்காந்து பொறுமையா பதில் எழுதுறேன். நான் கோயம்புத்தூர்ல சொந்தமா ஸ்டூடியோ வச்சிருக்கேன்ங்க, எங்கிட்ட வேலைக்கு வர்ற பசங்களுக்கு எந்த வரிசையில சொல்லிக் குடுக்கிறேனோ அதையே சொல்றேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. கம்பெனியில இருந்து வர்ற கார்ல பிரைமர், கலர், கிளியர் கோட் எல்லாம் சேத்தே பொதுவா 90ல இருந்து 130 மைக்ரான் தான் இருக்கும். ஒரு ஏ4 பேப்பரோட கனமே ஏறக்குறைய 100 மைக்ரான், அவ்வளவு தான் மொத்த பெயிண்ட்டும். அதுல மேல இருக்கிற கிளியர் கோட் மட்டும் 35ல இருந்து 50. வெயில்ல இருந்து கலரை காப்பாத்துறது அது தான். நாம மெஷின் போட்டு ஸ்வர்ல் (வட்ட வட்டமா தெரியுற மெல்லிய கீறல்) எடுக்கிறோம்னா அந்த கிளியர் கோட்டை கொஞ்சம் சீவி எடுக்கிறோம்னு அர்த்தம், சீவினது திரும்ப வளராது. அதனால மெஷினை கஸ்டமர் வண்டியில பழகக் கூடாது, யாரு என்ன சொன்னாலும் சரி.

பழைய இரும்பு கடையில ஒரு கருப்பு பானெட் வாங்குங்க. சென்னைல இருந்தா புதுப்பேட்டைக்கு போகச் சொல்லுவேன், உங்க ஊர்லயும் வண்டி ஒடைக்கிற இடம் இருக்கும். கருப்பு எதுக்குன்னா ஒரு கோடு கூட ஒளிஞ்சுக்க முடியாது. மாஸ்கிங் டேப் போட்டு கட்டம் கட்டமா பிரிச்சுக்கோங்க. நல்லா கழுவி, அயர்ன் ரிமூவர் அடிச்சு (இரும்புத் தூள் இருந்தா ஊதா கலரா வழியும், நாத்தம் அடிக்கும், பயப்பட வேணாம்), க்ளே பார் (ஒட்டுன அழுக்கை எடுக்கிற களிமண் மாதிரி கட்டி) போட்டு, அப்புறம் கேஜ் (பெயிண்ட் கனம் அளக்கிற மீட்டர்) வச்சு ஒவ்வொரு கட்டத்தையும் அளந்து நோட்டுல எழுதுங்க. ஒரு கட்டத்துல சாஃப்ட் ஃபோம் பேடும் ஃபைன் பாலிஷும், அதுல கோடு போகலன்னா தான் அடுத்த கட்டத்துல கொஞ்சம் கட்டிங் பேடு, அதுலயும் போகலன்னா காம்பவுண்ட் (பாலிஷை விட அதிகமா வெட்டுற லிக்விட்). எப்பவும் கம்மியில இருந்து மேல போகணும், மேல இருந்து கீழ இல்ல. என்ன பேடு, என்ன லிக்விட், எந்த ஸ்பீடு, எத்தன பாஸ், முன்னாடி ரீடிங் பின்னாடி ரீடிங், எல்லாத்தையும் எழுதுங்க. ஒவ்வொரு கட்டமும் முடிஞ்சதும் ஐபிஏ (ஒரு வகை ஆல்கஹால்) கலந்த தண்ணி போட்டு தொடைச்சு பாருங்க, ஏன்னா பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் அந்த கீறலை அடைச்சுக்கிட்டு போயிட்ட மாதிரி காட்டும், நாலு வாஷ்ல எல்லாம் திரும்ப வந்து நிக்கும்.

அப்புறம் முக்கியமான ஒண்ணு, இத நிறைய கோர்ஸ்ல சொல்லித் தரவே மாட்டாங்க. அதே பானெட்டுல ஒரு ஓரத்தை, அந்த மடிப்பு லைன் வரும்ல, அங்க வேணும்னே மெஷினை விடாம ஓட்டி கிளியர் கோட்டை தாண்டிப் போங்க. சூடு எப்படி ஏறுது, பளபளப்பு எப்ப மங்குது, பேட்ல எப்ப கலர் ஒட்ட ஆரம்பிக்குதுன்னு கண்ணாலயும் கையாலயும் தெரிஞ்சுக்கணும். பேட்ல வண்டி கலர் வந்துச்சுன்னா ஒண்ணு அது பழைய அம்பாசடர் மாதிரி சிங்கிள் ஸ்டேஜ் பெயிண்ட்டா இருக்கணும், இல்ல கிளியர் போயிடுச்சு. ஓரத்துலயும் லைன்லயும் பெயிண்ட் எப்பவுமே மெல்லிசா இருக்கும், அதான் டேப் போடுறது. பம்பர் பிளாஸ்டிக், சூடு சீக்கிரம் ஏறி அங்கயே நிக்கும், சாதாரண கேஜ் அதுல ரீடிங்கும் காட்டாது, அங்க கை ரொம்ப லேசா போகணும்.

இத ஆறு மாசம் பண்ணுங்க. போரடிக்கும்ங்க, ஆனா அதுக்கப்புறம் ஒரு வண்டிய பாத்தவுடனே எங்க தொடலாம் எங்க தொடக்கூடாதுன்னு கைக்கு தெரிஞ்சிடும். கேஜ்ல 200க்கு மேல காட்டுனா அந்த பேனல் ரீபெயிண்ட்டா இருக்க வாய்ப்பு அதிகம், 500, 1000ன்னு போச்சுன்னா உள்ள புட்டி (ஒடுக்கை நிரப்புற பூச்சு) இருக்கு, கஸ்டமர்கிட்ட வேலைக்கு முன்னாடியே காட்டிடுங்க.

ஷார்ஜா_ரிட்டர்ன்:
மேல அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, நான் வேற பக்கத்துல இருந்து சொல்றேன். நான் ஷார்ஜால ஒரு டீட்டெய்லிங் கடையில வருஷக்கணக்கா இருந்துட்டு இப்ப திருச்சில இருக்கேன். அங்க புதுசா சேந்தவன் கையில யாரும் மெஷின் குடுக்க மாட்டாங்க, வாஷ் மட்டும் தான். பாலைவன மணல் ஒட்டுன வண்டிய கை வைக்காம முதல்ல பிரஷர்ல அலசி, ஃபோம் விட்டு ஊற வச்சு, திரும்ப அலசி, அதுக்கு அப்புறம் தான் மிட் (கழுவுற கையுறை) தொடும். ரெண்டு பக்கெட், ஒண்ணுல ஷாம்பு ஒண்ணுல வெறும் தண்ணி, அடியில கிரிட் கார்டு (மணலை அடியிலயே தங்க வைக்கிற தட்டு). மேல இருந்து கீழ, வீலுக்கு தனி மிட் தனி பக்கெட். காய வைக்கிறப்ப துணிய போட்டு தேய்க்க மாட்டோம், நல்ல கனமான டவலை விரிச்சு இழுக்கிறது, இல்ல ப்ளோயர். ஸ்வர்ல்ல முக்கால்வாசி தப்பான வாஷ்ல வர்றது தான் ப்ரோ, அதனால நல்லா கழுவத் தெரிஞ்சவன் பாதி டீட்டெய்லர். நீங்க இருக்கிற கடைலயே உங்க கைக்கு வர்ற வண்டிக்கு மட்டுமாச்சும் தனி துணி வச்சு பழகுங்க, ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

கோர்ஸ் விஷயம். போகக் கூடாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி போன் போட்டு கேளுங்க, ஒரு மெஷினுக்கு எத்தன பேரு, ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் என் கையில மெஷின் இருக்கும், வாஷும் இன்டீரியரும் சொல்லித் தருவீங்களா, பழகுறது பேனல்லயா இல்ல கஸ்டமர் வண்டியிலயா. அவங்க விக்கிற கோட்டிங் பத்தியே பேசிட்டு இருந்தாங்கன்னா அது கிளாஸ் இல்ல, வியாபாரம். அமெரிக்காவுல இன்டர்நேஷனல் டீட்டெய்லிங் அசோசியேஷன்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்களே ரெண்டா பிரிச்சு வச்சிருக்காங்க, எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணா சர்டிஃபைட் டீட்டெய்லர், அதுக்கு மேல கையால வேலை செஞ்சு காட்டுனா தான் ஸ்கில்ஸ் வேலிடேட்டட். 5 நாள்ல ரெண்டாவது வராது. என் கருத்து, நொய்யல் அண்ணன் சொன்ன மாதிரி பானெட்ல கொஞ்ச மாசம் பழகிட்டு கோர்ஸ் போங்க, அப்ப தான் என்ன கேக்கணும்னே உங்களுக்கு தெரியும்.

இன்னொண்ணு, இன்டீரியர கொறச்சு நினைக்காதீங்க. நம்ம ஊர்ல மழை முடிஞ்சா பூஞ்சை, குழந்தை பால் கொட்டுனது, சாம்பார் கொட்டுனது, இதுக்கு தான் கஸ்டமர் தானா தேடி வருவாரு. அதுக்கு பெரிய முதலீடும் வேணாம். சீட்டுக்கு அடியில தண்ணிய ஊத்தி மட்டும் கழுவாதீங்க, ஏர்பேக் கனெக்டர், சென்சர் வயரு எல்லாம் அங்க தான் ஓடுது.

கருப்பு_செடான்:
நான் தொழில்காரன் இல்ல, கஸ்டமர். கருப்பு வண்டி வச்சிருக்கேன். ஒரு கடையில செராமிக் போட்டேன், 9ஹெச், சாவிய வச்சு கீறுனா கூட ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க. அந்த 9ஹெச்ங்கிறது பென்சில் வச்சு பாக்குற கடினம்னு அப்புறமா படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன், கல்லு அடிச்சாலும் சாவி பட்டாலும் கோடு விழத்தான் செய்யும். வெயில்ல நிறுத்துனா பானெட் பூரா ஹாலோகிராம், மெஷின் போன தடம் அப்படியே வட்டம் வட்டமா தெரியுது, அது மேலயே கோட்டிங் போட்டு மூடிட்டாங்க.

தம்பி, உங்ககிட்ட ஒரு கஸ்டமரா நான் எதிர்பாக்குறது, என் வண்டிக்கு எது ஆகும் எது ஆகாதுன்னு நேரா சொல்லணும். இந்த கோடு ஆழமா இருக்கு, எடுத்தா கிளியர் போயிடும், அப்படியே விட்ரலாம்னு ஒருத்தர் சொன்னா நான் ஆயுசுக்கும் அவர்கிட்ட தான் வண்டிய விடுவேன். முன்னாடி போட்டோ பின்னாடி போட்டோ ரெண்டும் வெயில்ல எடுத்து அனுப்புங்க, கடை லைட்டுல எல்லா வண்டியும் அழகா தான் இருக்கு.

வரவுசெலவு:
நான் சின்ன தொழில்காரங்களுக்கு கணக்கு பாக்குறவன். 1.5 லட்சத்துல 45,000 கோர்ஸுக்கு போயிடுச்சுன்னா மிச்சத்துல மெஷினும் வாங்கி கைச்செலவும் பாக்க முடியாது, அதனால வேலைய விடாதீங்க. ஞாயித்துக்கிழமையும் சாயங்காலமும் மாமா ஷெட்டுல ஆரம்பிங்க. வாக்குவம், பிரஷர் வாஷர், மைக்ரோஃபைபர், ரெண்டு மூணு கெமிக்கல், இது போதும் இன்டீரியருக்கும் வாஷுக்கும். அதுல வர்ற காசுல அடுத்த சாமான் வாங்குங்க. பாலிஷர் அப்படி வரட்டும், கேஜ் அதுக்கு முன்னாடியே வரட்டும்.

உத்யம் (சின்ன தொழிலுக்கான அரசு பதிவு) ஆன்லைன்ல இலவசம், இடைத்தரகருக்கு காசு குடுக்காதீங்க. சேவைத் தொழிலுக்கு வருஷ டர்ன்ஓவர் 20 லட்சம் தாண்டுனா தான் ஜிஎஸ்டி கட்டாயம், இப்பவே அதப் போட்டு கொழப்பிக்க வேணாம். கடன் வேணும்னா முத்ரால (மத்திய அரசோட சின்ன தொழில் கடன் திட்டம்) சிசு பிரிவுல 50,000 வரைக்கும் ஈடு இல்லாம கேக்கலாம், ஆனா மாசம் எவ்வளவு வருதுன்னு ஒரு வருஷ கணக்கு கையில இல்லாம கடன் வாங்காதீங்க. எத்தன மணி நேரம் ஒரு வண்டிக்கு ஆச்சுன்னு எழுதி வைங்க, நிறைய பேரு கெமிக்கல் செலவு மட்டும் கணக்கு பாத்துட்டு தன் உழைப்ப இனாமா குடுத்துட்டு இருக்காங்க. ஆயுத பூஜை வாரத்துல கூட்டம் அள்ளும், அப்ப ரேட்டை கொறச்சு நிறைய வண்டி எடுக்கலாம்னு தோணும், எடுக்காதீங்க, நிதானமா பாக்குற கடைன்னு பேரு வாங்க வந்திருக்கீங்க.

வைகைக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி அண்ணா, படிக்க படிக்க தெளிவாகுது. கோர்ஸ் இப்ப வேணாம்னு முடிவு பண்ணிட்டேன், பானெட் தேடப் போறேன். ரெண்டு கேள்வி மட்டும். பாலிஷ் மெஷின் ரோட்டரி வாங்கவா டிஏ (டூயல் ஆக்‌ஷன்) வாங்கவா? அப்புறம் மாமா ஷெட்டுல போர் தண்ணி, கழுவி ரெண்டு நிமிஷத்துல வெள்ளை வெள்ளையா புள்ளி விழுது, இதுக்கு சாஃப்ட்னர் போட்டா சரியாகுமா? ஆயுத பூஜைக்கு பானெட்ல வைக்கிற சந்தனம் குங்குமம் பத்தியும் சொல்லுங்க, எங்க கடையில அத காஞ்ச துணில சுரண்டுறாங்க.

நொய்யல்:
டிஏ வாங்குங்க தம்பி. ரோட்டரி ஒரே அச்சுல சுத்தும், வேகமா வெட்டும், சூடும் வேகமா ஏறும், ஹாலோகிராம் வர்றது பெரும்பாலும் அதுல தான். டிஏ சுத்திக்கிட்டே ஆடும், புதுசா பழகுறவங்களுக்கு மன்னிப்பு ஜாஸ்தி. 15 எம்எம் த்ரோ (பேடு ஆடுற அகலம்), 5 இஞ்ச் பேடு போதும், பேடை அப்பப்ப ப்ரஷ் போட்டு சுத்தம் பண்ணிக்கோங்க, அடைச்ச பேடு வெட்டாது சூடு மட்டும் ஏத்தும். ரோட்டரியும் ஒரு நாள் கத்துக்கணும், ஆனா அது அப்புறம்.

தண்ணிக்கு ஒரு டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) மீட்டர் வாங்கி பாருங்க, சில நூறு ரூபா தான். சாஃப்ட்னர் கால்சியம் மக்னீசியத்தை எடுத்துட்டு சோடியத்தை விடும், டிடிஎஸ் கொறையாது, புள்ளி அப்பவும் விழும், ஆனா ஈசியா தொடைச்சா போயிடும், பெயிண்ட்டுல உப்பு பாறையா ஒட்டாது. ஆர்ஓ போட்டா தான் டிடிஎஸ் கொறையும், எல்லா தண்ணிக்கும் வேணாம்ங்க, கடைசியா அலசுறதுக்கு மட்டும் ஒரு டிரம்ல புடிச்சு வச்சுக்கோங்க. அது வரைக்கும் நிழல்ல, காலையில சீக்கிரமா கழுவுங்க, பேனல் பேனலா அலசி உடனே காய வைங்க.

சந்தனம் காஞ்சுடுச்சுன்னா அது மண்ணு மாதிரி கீறும். ஈரத்துணிய மேல போட்டு ஊற வச்சு, ஷாம்பு தண்ணி விட்டு கரைச்சு எடுக்கணும், சுரண்டவே கூடாது. வெள்ளை வண்டியில குங்குமம் ரொம்ப நாள் இருந்தா கறை புடிச்சுக்கும், பூஜை முடிஞ்ச மறுநாளே எடுக்கச் சொல்லி கஸ்டமருக்கு ஒரு மெசேஜ் போட்டு விடுங்க.

பானெட் வாங்கப் போறப்ப ஒரு காந்தம் எடுத்துட்டு போங்க. எங்கயாச்சும் ஒட்டலன்னா அங்க புட்டி, அத வாங்காதீங்க, ரீடிங் எல்லாம் தப்பா வரும். முழுக்க அலுமினிய பானெட்டா இருந்தாலும் காந்தம் ஒட்டாது, அதுக்கு கேஜும் வேற மாடல் வேணும், முதல்ல இரும்பு பானெட்டுலயே பழகுங்க. கம்பெனி பெயிண்ட் இருக்கிறதா பாத்து எடுங்க.