பெட்ரோல் முள் படுத்துவிட்டதா? டேங்கைத் திறக்கும் முன்

கோவை எலக்ட்ரீஷியன்

முள் படுத்த உடனே "ஃப்ளோட் போச்சு, மாத்து" என்று யூனிட்டை டேங்கில் இறுக்கிப் பிடிக்கும் வளையமான லாக் ரிங்கில் கை வைத்துவிடுகிறார்கள். யூனிட்டை (டேங்குக்குள் மிதக்கும் ஃப்ளோட்டும், அது ஏறி இறங்குவதற்கேற்ப ஓம் மாறும் பகுதியும் சேர்ந்தது) வெளியே எடுப்பது கடைசி வேலை. கோளாறு மீட்டரிலா, வயரிலா, யூனிட்டிலா என்று பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

பின் சீட்டைத் தூக்கி மூடித் தகட்டைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் யூனிட்டின் வயர் இணைப்பு (கப்ளர்) தெரியும். இஞ்செக்‌ஷன் வண்டியில் பம்ப் வயரும் ஃப்ளோட் வயரும் அதே கப்ளரில்தான் வரும். பொதுவாகத் தடித்த இரண்டும் பம்புக்கு, மெலிந்த இரண்டும் ஃப்ளோட்டுக்கு. பம்ப் வயரைத் தெரியாமல் எர்த்தில் தொட்டால் ஃபியூஸ் போகும். வயரிங் படத்தைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இக்னிஷனை ஆஃப் செய்து கப்ளரைப் பிடுங்குங்கள். வண்டிப் பக்கத்து மெலிந்த இரண்டு முனைகளுக்கு நடுவே 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் செருகி இக்னிஷன் போடுங்கள். பிறகு அதே இடத்தில் 47, அதற்குப் பிறகு 100. ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் பெரும்பாலும் ஃபுல் டேங்குக்குச் சில ஓம், காலிக்கு நூறு ஓம் பக்கம். அதனால் 10 ஓமில் முள் மேலே ஏறி, 100 ஓமில் கீழே இறங்க வேண்டும். விடிஓ (VDO) கம்பெனி வகை யூனிட் இதற்குத் தலைகீழ்: காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180. முள் ஒழுங்காக ஏறி இறங்கினால் மீட்டரும் வயரும் சுத்தம், தப்பு யூனிட்டில். அசையவே இல்லை என்றால் டேங்கை மறந்துவிட்டு வயரையும் மீட்டரையும் பாருங்கள்.

ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் இரண்டு நிமிடமாவது கொடுங்கள். பெட்ரோல் அலம்பும்போது முள் ஆடாமலிருக்க மீட்டரை வேண்டுமென்றே மந்தமாக வைத்திருப்பார்கள். நேரே ஷார்ட் பண்ணாதீர்கள், சில புது வண்டிகள் அதைக் கோளாறாக எடுத்துக்கொண்டு முள்ளைக் கீழேயே போட்டுவிடும்.

திருச்சி பட்டறை

அண்ணன் சொன்னதோடு எர்த்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்ளரை மாட்டியபடியே, இக்னிஷன் ஆனில், யூனிட்டின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.1க்கு மேல் காட்டினால் எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். லைட் போட்டால் முள் நகர்வது, பிரேக் மிதித்தால் துள்ளுவது, இரண்டும் எர்த் கோளாறுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் முடிந்தது, செலவே இல்லை.

ஈரோடு மெக்கானிக்

யூனிட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் டேங்க் கால் பங்குக்குக் கீழ் இருக்கட்டும். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்; லைன் பிரஷர் இறங்கும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். லாக் ரிங்கை இரும்பு உளியால் தட்டவே கூடாது. மரக்கட்டையோ பித்தளைக் கம்பியோ வைத்துத் தட்டலாம். யூனிட்டின் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மார்க்கர் போடுங்கள். திருப்பிப் போட்டால் ஃப்ளோட் கை டேங்க் சுவரில் இடித்து நடுவழியில் நிற்கும். ஓ-ரிங் பெட்ரோலில் ஊறி வீங்கியிருக்கும், பழையது திரும்ப உட்காராது. புதிதை முன்பே வாங்கி வையுங்கள்.

வெளியே எடுத்ததும் ஓம் மீட்டர் வைத்து ஃப்ளோட் கையை மெதுவாக மேலிருந்து கீழே கொண்டுபோங்கள். டிஜிட்டலைவிட முள் மீட்டர் நல்லது. நொடிப்பொழுது அறுபடுவதை டிஜிட்டல் காட்டாமல் விட்டுவிடும். பாதி டேங்கில் மட்டும் முள் விழுந்து எழுகிறதென்றால் அந்த இடத்து டிராக் (ஃப்ளோட் கையின் காண்டாக்ட் உரசி நகரும் ரெசிஸ்டர் பட்டை) தேய்ந்திருக்கும், அல்லது கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு பெரும்பாலும் வெள்ளிக் காண்டாக்ட்டில் கந்தகம் பட்டு வருவது. 2004இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா, லூசியானா பக்கம் கந்தகம் கூடிய பெட்ரோல் விற்கப்பட்டு, இதே மாதிரி ஏராளமான வண்டிகளின் மீட்டர் படுத்தது.

டிராக்கில் உப்புத்தாள் வேண்டாம், மேல் பூச்சே போய்விடும். காண்டாக்ட் கிளீனர், அதற்கும் மேல் பென்சில் ரப்பர்.

திருச்சி பட்டறை

ரப்பர் போட்டுத் தேய்த்தது எத்தனை நாள் தாங்கும்? கறுப்பு மட்டும் என்றால் சரி. டிராக்கில் பள்ளம் தெரிந்தால் கிளீனருக்குக் கொடுக்கும் காசு வீண். நிறைய வண்டிகளில் பம்ப் இல்லாமல் டிராக் உள்ள ஃப்ளோட் கார்டு மட்டும் தனியாகக் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். முழு பம்ப் செட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

காரைக்குடி பழைய வண்டிக்காரர்

60, 70களின் பிரிட்டிஷ் வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தாற்போல் தப்பாகக் காட்டினால் டேங்க் பக்கமே போகாதீர்கள். மீட்டருக்குப் பின்னால் இரண்டு முள்ளுக்கும் சராசரி 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று உண்டு. அதன் உடம்புக்கு எர்த் அறுந்தால் பேட்டரி வோல்ட் முழுதாகப் போய் இரண்டு முள்ளும் மேலே நிற்கும். 10 வோல்ட் தரும் 7810 ஐசி போட்டு மாற்றிவிடலாம்.

பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். களக் களக் என்றால் உள்ளே பெட்ரோல் இறங்கிவிட்டது. கனத்துப்போய் ஃபுல் டேங்கிலும் முக்கால்தான் காட்டும். வாளி வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம். உள்ளே ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் ஓட்டையை ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது வெடிக்கும், புது ஃப்ளோட் மாட்டுவதே மேல்.

கோவை எலக்ட்ரீஷியன்

விட்டுப்போனது: இஞ்சின் ஓடிக்கொண்டே பெட்ரோல் போட்டுவிட்டு "முள் ஏறவில்லை" என்று வருபவர்களும் உண்டு. சில வண்டிகளில் மீட்டர் போர்டு (கிளஸ்டர்) புது அளவை இக்னிஷன் போடும்போதுதான் உடனே எடுக்கும், இல்லாவிட்டால் மெல்ல மெல்லத்தான் ஏறும். ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து பாருங்கள்.