டவுன்லோடை மறிக்காத பிரவுசர் எது? சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ்மில் ஆபீஸ்ல கணக்குப் பார்க்கிறேன். எங்க எடைமேடைக்கான புரோகிராம் உள்ளூர்த் தம்பி ஒருத்தர் எழுதினது. அவர் அப்டேட் அனுப்பினா, கம்ப்யூட்டரோட வந்த பிரவுசர் "இதை அதிகம் பேர் டவுன்லோட் பண்றதில்லை"ன்னு நிறுத்திடுது. வச்சுக்கோன்னு அமுக்கினா, "நிச்சயமா?"ன்னு மறுபடியும் கேள்வி. வெளியில நெல் லோடு வரிசைகட்டி நிக்கிறப்ப இந்தக் கூத்து! யார் எழுதினதுன்னு காட்டுற டிஜிட்டல் கையெழுத்து இல்லாத சின்ன புரோகிராமுக்கெல்லாம் பெரும்பாலும் இதே கதிதான்.

ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸ்ல மோசடித் தளம், ஆபத்தான டவுன்லோட், அதிகம் புழங்காத மென்பொருள்னு தனித்தனி டிக் இருக்கு. பேங்க் வேலையும் இதே மெஷின்லதான், அதனால முதல் ரெண்டும் இருக்கட்டும், கடைசி மட்டும் வேண்டாம். பிரேவ், விவால்டி பிரவுசர்கள்ல இப்படிப் பிரிச்சு அணைக்க முடியுமா? ரெண்டும் குரோமியம் (கூகுள் குரோமுக்கும் அடிப்படையான மென்பொருள்) அடித்தளம்தானே, அதே தொல்லை கூடவே வருமோன்னு சந்தேகம். ஜிஎஸ்டி, இ-வே பில் தளமெல்லாம் ஃபயர்பாக்ஸ்ல ஒழுங்கா ஓடுதா?

தினமும் பயன்படுத்துறவங்க சொல்லுங்க. "பாதுகாப்பை மொத்தமா அணைச்சிடு"ங்கிற யோசனை மட்டும் வேண்டாம், முதலாளி என்னை அணைச்சிடுவார்.