கடற்கரை வீட்டிலிருந்து வந்த வால்வு தொலைக்காட்சிப் பெட்டி

மதுரையில் கிடைக்கும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியையும் இராமநாதபுரம் கடற்கரையில் கிடைக்கும் பெட்டியையும் ஒரே முறையில் பழுது பார்க்க முடியாது என்பதைக் கீழக்கரையிலிருந்து வந்த ஒரு பெட்டி எனக்கு நன்றாகவே உணர்த்தியது. பழைய பெட்டிகளைச் சீர்படுத்துவோருக்கு உதவும் என்பதால் அந்த அனுபவத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோதும் அதன் அலை நம் பக்கத்துக்கு எட்டவில்லை. 1982இல் இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு, கடலோர ஊர்களில் வசதியுள்ள வீடுகள் உயரமான குழாய்களில் ஆன்டெனாவைக் கட்டி இலங்கைப் பக்கம் திருப்பி வைத்தன. கோடையில் கடலின் மேல் காற்று அசையாமல் நிற்கும் இரவுகளில் படம் உள்ளூர் நிலையம் போலத் தெளிவாக வரும் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இந்தப் பெட்டியும் அந்தக் காலத்தில் வாங்கப்பட்டதுதான். 20 அங்குலக் கருப்பு வெள்ளைத் திரை, வால்வும் (உள்ளே இழை எரியும் கண்ணாடிக் குழாய்) டிரான்சிஸ்டரும் கலந்த ஹைப்ரிட் அமைப்பு, மெல்லிய மரச்சட்டங்களைத் துணியில் ஒட்டிச் செய்த, இருபுறமும் இழுத்து மூடும் கதவு ஆகியவற்றைக் கொண்டது. "எங்க வாப்பா ஆசையா வாங்குனது, உள்ளே எல்.சி.டி. எதையும் வச்சுடாதீங்க காக்கா (அண்ணா)," என்பது மட்டுமே உரிமையாளரின் நிபந்தனை. பழைய பெட்டியைக் குடைந்து புதிய திரையைப் பொருத்துவது எனக்கும் பிடிக்காத வேலை என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன்.

இத்தகைய பெட்டிகளில் மின் இணைப்பைப் பிரித்து வைக்கும் மின்மாற்றி கிடையாது. மின் இணைப்பின் ஒரு கம்பி நேரடியாகச் சேசிஸுடன் (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) சேர்ந்திருக்கும்; பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுவதும் 230 வோல்ட் நிற்கும். ஆகவே தனிப்படுத்தும் மின்மாற்றி வழியாக அல்லாமல் மின்சாரம் கொடுத்து, பெட்டியைத் திறந்து வைத்து வேலை செய்வது உயிருக்கு ஆபத்தானது. படக்குழாயில் பல நாள் கழித்தும் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், சேசிஸுடன் கம்பி கட்டிய திருப்புளியை ஆனோடு (உயர் அழுத்தம் நுழையும் முனை) மூடியின் அடியில் செலுத்தி அதை முதலில் இறக்கிவிட வேண்டும்.

நான் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே, இராமநாதபுரத்தில் வெகுகாலம் தொலைக்காட்சி மெக்கானிக்காக இருந்த ஒரு பெரியவரை அழைத்துக் காட்டினேன். அவர் வால்வுகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படக்குழாயின் பின்புறக் கரிப்பூச்சைத் தொட்டுக்கொண்டு ஓடும் பின்னல் கம்பியை விரலால் தட்டினார். அது பச்சைப் பொடியாக உதிர்ந்தது. "தம்பி, நம்ம ஊர்ல முதல்ல போறது இதுதான்," என்றார். அந்தக் கம்பிதான் வெளிப்பூச்சை மின்தரையுடன் இணைக்கிறது. அது அறுந்திருக்கும்போது சுமார் 18,000 வோல்ட் உயர் அழுத்தம் வந்தால், தீப்பொறி தனக்குத் தோன்றிய வழியில் பாய்ந்து டிரான்சிஸ்டர்களைக் கொன்றுவிடும். கண்ணாடியிலும், உயர் அழுத்தத்தை உண்டாக்கும் மின்மாற்றியான எல்.ஓ.டி.யைச் சுற்றியும் படிந்திருக்கும் உப்புத் தூசு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, சீறும் சத்தத்தையும் ஓசோன் நெடியையும் உண்டாக்கும் என்பதையும் அவரே விளக்கினார். ஆனோடைச் சுற்றிய கண்ணாடியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தோம். கரிப்பூச்சின் மேல் மட்டும் துணியைக் கொண்டுபோகவே இல்லை, ஏனெனில் அது கரைந்தால் திரும்ப வராது.

பிறகுதான் 100 வாட் பல்பைச் சீரிஸில் வைத்து, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கால் மெதுவாக மின்னழுத்தத்தை ஏற்றினோம். பி.எல்.504, பி.ஒய்.88, பி.சி.எல்.805 ஆகிய வால்வுகளின் இழைகள் 300 மில்லியாம்பியரில் தொடராக எரிவதால் ஒன்று அறுந்தால் எல்லாமே இருட்டாகிவிடும். நல்லவேளையாக அனைத்தும் எரிந்தன. திரையில் முதலில் வந்தது குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு. செங்குத்து விரிவுப் பகுதியில் கசிந்துகொண்டிருந்த காகிதக் கண்டென்சர்களை மாற்றியதும் கோடு திரை முழுவதும் விரிந்தது. படத்தின் கோடுகளை வரையும் சுற்று எழுப்பும் 15,625 ஹெர்ட்ஸ் கீச்சொலி என் காதில் விழவில்லை. உரிமையாளரின் மகள்தான் அது கேட்கிறது என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

மரவேலைதான் நீண்ட காலம் பிடித்தது. தேக்கு கெடவில்லை, பசைதான் விட்டுப்போயிருந்தது. மண்டபத்தில் படகு கட்டும் ஆசாரி ஒருவர், எழும்பி நின்ற வெனீரின் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) ஓரத்தில் வெந்நீரைத் தொட்டுப் பார்த்து, அது பிசுபிசுத்ததும் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப்பசை என்று உறுதி செய்தார். ஈரத்துணியை மேலே விரித்து இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றியபோது பழைய பசையே உருகிப் பிடித்துக்கொண்டது. சூட்டில் இளகாத செயற்கைப் பசையாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இழுப்புக் கதவின் மரச்சட்டங்களைத் தாங்கிய துணி மக்கிப்போயிருந்ததால், புதிய காடாத்துணியை ஒட்டி, ஓடும் பள்ளத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தார். துருப்பிடித்த திருகாணிகளைச் சால்டரிங் இரும்பால் சூடாக்கிக் கழற்றி, பித்தளைத் திருகாணிகளைப் பொருத்தினோம். இரும்பு தேக்கில் விட்ட கருங்கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசல் பெரும்பாலும் நீக்கியது.

பாலிஷ் விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. கடற்காற்றுக்கு மெலமைன் என்னும் செயற்கைப் பூச்சுதான் தாங்கும் என்பது ஆசாரியின் கட்சி. பின்னாளில் சுரண்டாமலே திருத்திக்கொள்ள முடிகிற அரக்குப் பாலிஷ்தான் வேண்டும் என்பது என் கட்சி. இறுதியில் அரக்கே பூசப்பட்டது, ஆனால் வடகிழக்குப் பருவமழை முடியும் வரை காத்திருந்து, வெயில் ஏறிய முற்பகல்களில் மட்டும் பூசினோம். ஈரக் காற்றில் பூசினால் அரக்கு வெளுத்துப் பால்படலம் போலாகிவிடும் என்பதில் எங்கள் இருவருக்கும் ஐயமில்லை.

இப்போது செட்டாப் பெட்டியின் வெளியீட்டை அதைப் பழைய ஆன்டெனா அலையாக மாற்றும் வி.எச்.எஃப். மாடுலேட்டர் வழியாகவும், 75 ஓமை 300 ஓமாக மாற்றும் பாலுன் வழியாகவும் கொடுத்து டிடி தமிழ் பார்க்கிறார்கள். கடலைப் பார்த்த சன்னலிலிருந்து விலக்கி உள்கட்டில் வைக்கவும், மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம் ஓடவிட்டு உள்ளே உலர்த்தவும் சொல்லியிருக்கிறேன். பழைய ஆன்டெனாக் குழாயையும் மொட்டைமாடியில் திரும்ப நிறுத்த வேண்டும் என்று கேட்டார்கள். அடிப்பகுதி முழுவதும் துருவேறியிருந்ததால் அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை.